ஸ்ட்ரெச் மார்க்: தோல் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகப்பரு, முடி உதிர்வு, படர்தாமரை என்று எதற்காக வந்தாலும், சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது பலர் ஒரு நொடி தயங்குவார்கள். "இன்னொண்ணு கேக்கணும் டாக்டர்" என்று ஆரம்பித்து, வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கோடுகளைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குள் பாதிப் பேர் யூட்யூப் பார்த்து நாலைந்து கிரீம் வாங்கிப் போட்டு முடித்திருப்பார்கள். சென்னையில் தோல் மருத்துவராக இருக்கும் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். படிக்க நேரமில்லாதவர்கள் இரண்டை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கோடு ஏன் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். சிகிச்சை எடுப்பதானால் அது சிவப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

ஸ்ட்ரெச் மார்க் என்பது என்ன? தோல் கிழிந்துவிட்டதா?

மேல்தோல் கிழிவதில்லை. அதற்குக் கீழே டெர்மிஸ் என்ற தடித்த அடுக்கு இருக்கிறது. தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் நார்களும், இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கிற எலாஸ்டின் நார்களும் அங்கேதான் இருக்கின்றன. உடம்பு வேகமாகப் பெருக்கும்போது அந்த வேகத்துக்கு இவை ஈடுகொடுக்க முடியாமல் ஆங்காங்கே அறுந்துபோகும். ரொம்ப நாள் போட்ட உள்ளாடையில் எலாஸ்டிக் உள்ளே நைந்துபோயிருக்க, மேலே துணி மட்டும் முழுசாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அப்படித்தான். அறுந்த இடத்தை உடம்பு தன்னால் முடிந்த அளவு தழும்புத் திசுவால் அடைக்கிறது. வெளியே தெரியும் கோடு அந்தத் தழும்புதான்.

இழுபடுவது மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஹார்மோன்களுக்கும் பெரிய பங்கு உண்டு. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்ட்டிசால் அதிகமானால் கொலாஜன் உருவாவது குறைந்து தோல் மெலிந்துவிடும். மெலிந்த தோல் கொஞ்சம் இழுபட்டாலே கோடு விழும். ஸ்டீராய்டு களிம்புகளைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப் போகிறேன். அதற்குக் காரணம் இதுதான்.

இது நோயா?

இல்லை. ஒட்டாது, புண்ணாகாது, புற்றுநோயாக மாறாது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

என் மகனுக்குப் பதினான்கு வயது. முதுகில் குறுக்காகச் சிவந்த கோடுகள். பள்ளியில் யாரோ அடித்திருக்கிறார்களோ?

இந்தக் கேள்வியோடு கலங்கிப்போய் வரும் அம்மாக்கள் உண்டு. வயது வந்த பையன்கள் ஒரே வருடத்தில் மளமளவென்று உயரமாகும்போது, கீழ்முதுகில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடைமட்டக் கோடுகள் வருவது சகஜம். அடிபட்டிருந்தால் சில நாளில் கன்றி, நிறம் மாறி, மறைந்துவிடும். இந்தக் கோடுகள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். விரலால் தடவினால் லேசாகப் பள்ளம் தட்டுப்படும். ஆனாலும் பிள்ளையிடம் தனியாக, நிதானமாக ஒரு முறை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை.

பெண் குழந்தைகளுக்கு இதே வயதில் தொடை, இடுப்பு, மார்பகங்களில் வரும். "குழந்தை பெறாத பெண்ணுக்கு எப்படி இந்தக் கோடு?" என்று வீட்டில் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள் என்று ஒரு கல்லூரி மாணவி என்னிடம் அழுதிருக்கிறாள். பிரசவத்துக்கும் இந்த வயதுக் கோடுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண் பார்க்கும் வீடுகளில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

என் அக்கா இரண்டு பெற்றாள், வயிற்றில் ஒரு கோடில்லை. எனக்கு மட்டும் ஏன்?

உங்கள் கவனக்குறைவு காரணம் இல்லை. பரம்பரை பெரிய காரணம். ஒரே வீட்டிலும் அக்காவுக்குக் கிடைத்தது தங்கைக்குக் கிடைக்காமல் போகலாம். சின்ன வயதில் கருத்தரித்தவர்களுக்கும், கர்ப்பத்தில் எடை அதிகம் கூடியவர்களுக்கும், குழந்தை பெரிதாக இருந்தவர்களுக்கும், இரட்டைக் குழந்தை சுமந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருவதுதான் இது. பெரும்பாலும் ஆறாம், ஏழாம் மாதத்தில் ஆரம்பிக்கும். வளைகாப்புக்குப் புடவை கட்டும்போதுதான் பலர் முதன்முதலாகக் கவனிக்கிறார்கள்.

முதலில் சிவப்பாக இருந்தது, இப்போது வெள்ளையாகிவிட்டது. ஆறுகிறதா?

ஒருவகையில் ஆமாம். கோடு புதிதாக வரும்போது அந்த இடத்தில் லேசான அழற்சி இருக்கும், சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். அதனால் சிவப்பு அல்லது ஊதா நிறம். சிலருக்கு அரிப்பும் உண்டு. நம்முடைய மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கரும்பழுப்பாகவோ கருஊதாவாகவோ தெரியும். மாதங்கள் போகப் போக ரத்தக் குழாய்கள் சுருங்கி, அழற்சி அடங்கி, கோடு வெளுத்து மெல்லிய சுருக்கத்தோடு நின்றுவிடும்.

இந்த நிற மாற்றம்தான் சிகிச்சைக்குக் கடிகாரம். சிவப்பாக இருக்கும்வரை அந்த இடத்தில் திசு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, மருந்து சொன்னபடி கேட்க வாய்ப்பு இருக்கிறது. வெளுத்த பிறகு கிரீம்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கருவிகளை வைத்துக் கொஞ்சம் மேம்படுத்தலாம். பத்து வருடத்துக் கோட்டோடு வருபவரிடம் "அழித்துத் தருகிறேன்" என்று எந்த மருத்துவரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

வயிற்றைச் சொறிந்தால் வரி விழும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

சொறிவதால் கோடு விழாது. தோல் இழுபடும்போது அரிப்பும் வருகிறது, கோடும் வருகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நம் பாட்டிமார் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் நகத்தால் பிறாண்டினால் தோலில் காயமாகி, கறுத்த தடம் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் "சொறியாதே" என்ற அறிவுரை மட்டும் சரி. குளித்து ஈரம் உலர்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வெந்நீரைக் குறையுங்கள். அரிப்பு தாங்காதபோது ஈரத்துணியை மேலே போட்டுக்கொள்ளலாம்.

கர்ப்ப கால அரிப்பில் இரண்டு நிலைமைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கடைசி மூன்று மாதங்களில், அதுவும் முதல் பிரசவத்தில், ஸ்ட்ரெச் மார்க்குகளின் மேலேயே சிவந்த சின்னச் சின்னத் தடிப்புகள் கிளம்பும். தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு வயிறு, தொடை என்று பரவும். அரிப்பு தூங்கவிடாது. பார்க்கப் பயமாக இருந்தாலும் குழந்தைக்கு ஆபத்தில்லை, மருந்து உண்டு, பிரசவமான சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

இரண்டாவதை அலட்சியப்படுத்தவே கூடாது. தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு, இரவானால் அதிகம் என்றால், கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வெளியேறாத ஒரு நிலையாக இருக்கலாம். அது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தானது. "சூட்டு அரிப்பு" என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நீங்கள் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். பித்த அமில அளவையும் கல்லீரலையும் பார்க்க ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் பார்ப்பவர்களானாலும் சரி, தனியார் மருத்துவமனையானாலும் சரி, அடுத்த செக்கப் தேதிவரை தள்ளிப்போட வேண்டாம்.

தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுத்த கோடு இறங்குகிறது. இடுப்பைச் சுற்றியும் கறுப்பாக இருக்கிறது. இவையும் ஸ்ட்ரெச் மார்க்கா?

இரண்டும் வேறு. வயிற்றின் நடுவே நேராக இறங்குவது கர்ப்ப ஹார்மோன்களால் வரும் நிறமி; பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மங்கிவிடும். இடுப்பில் இருப்பது பாவாடை நாடா இறுக்கிய தடம். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நாடா அழுத்துவதால் தோல் கறுத்து, தடித்து, சிலருக்குச் செதில் செதிலாக உரியவும் செய்யும். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றுங்கள். அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும். அரிதாக அது புற்றுநோயாக மாறியிருக்கிறது.

தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், கோகோ பட்டர் தடவினால் வராமல் தடுக்கலாமா?

தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மொத்தம் 800 பெண்கள் பங்கேற்ற ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்பத்தில் எந்தக் கிரீமையோ எண்ணெயையோ தடவினால் ஸ்ட்ரெச் மார்க் வராமல் இருக்கும் என்று சொல்ல உறுதியான சான்று கிடைக்கவில்லை. கோகோ பட்டரும் ஆலிவ் எண்ணெயும் தனித்தனி ஆய்வுகளிலும் தேறவில்லை.

அதற்காக எண்ணெய் தடவுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வறட்சியும் அரிப்பும் குறையும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் எண்ணெய் தடவிவிடும் அந்தப் பத்து நிமிடத்தை நான் ஏன் பறிக்க வேண்டும்? வீட்டில் இருக்கும் செக்குத் தேங்காய் எண்ணெயே போதும். ஆயிரக்கணக்கில் விற்கும் வெளிநாட்டுப் புட்டியில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சித்திரை, வைகாசியில் சென்னைப் புழுக்கத்தில் எண்ணெயைக் கனமாகப் பூசிக்கொண்டு இருந்தால் வியர்க்குருவும் ரோமக்கால் கொப்புளங்களும் வரும். லேசாகத் தடவிக் கொஞ்ச நேரத்தில் குளித்துவிடுங்கள்.

அப்படியானால் தடுக்கவே வழி இல்லையா?

எடை ஒரே மூச்சில் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஓரளவு உதவும். சாதாரண எடையில் இருக்கும் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் சுமார் 10 முதல் 12 கிலோ வரை கூடுவது நம் ஊரில் மருத்துவர்கள் சொல்லும் அளவு. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று தட்டை நிரப்புவது தேவையில்லை. அதே சமயம், கோடு விழுந்துவிடுமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைப்பது பெரிய தவறு. பரம்பரையில் இருந்தால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் வரலாம்.

தொடை இடுக்கில் படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்ட்மென்ட் கொடுத்தார்கள். படர்தாமரை போய்த் திரும்ப வந்தது, இப்போது அங்கே பள்ளமாகக் கோடுகள். என்ன ஆயிற்று?

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் இந்தக் கேள்விதான்.

சென்னையின் ஈரக் காற்றும் வியர்வையும் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாள் முழுக்க ஜீன்ஸ் பேன்ட்டோடு பைக் ஓட்டும் டெலிவரி இளைஞர்கள், ஹாஸ்டலில் துண்டு மாற்றிக்கொள்ளும் மாணவர்கள், எரியும் அடுப்பின் முன்னால் நிற்கும் மெஸ் தொழிலாளர்கள் என்று தொடை இடுக்கில் படர்தாமரை இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை டாக்டரிடம் காட்டக் கூச்சம். கடைக்குப் போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்கிறார்கள். கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஒரே டியூபில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று கலந்த களிம்பு.

ஸ்டீராய்டு போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியை ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால், பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது, மறுபடி களிம்பு. இதற்கு நடுவே ஸ்டீராய்டு டெர்மிஸில் கொலாஜனைக் குறைத்துக்கொண்டே போகிறது. தொடை இடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பக்கம் இவையெல்லாம் தோல் மெல்லிசாக, மடிப்பாக இருக்கும் இடங்கள். மருந்து இங்கே மற்ற இடங்களைவிட அதிகமாக உறிஞ்சப்படும். சில வாரங்களிலேயே அகலமான, சிவந்த, குழி விழுந்த கோடுகள் வந்துவிடும். பூஞ்சை ஆறிவிடும், இந்தக் கோடுகள் ஆயுளுக்கும் நிற்கும். பத்தொன்பது வயதுப் பையனின் தொடையில் விரல் அகலத்துக்கு இதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று.

2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும். ஆகவே டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பழகுங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தாசோன், மொமெட்டாசோன், ஃபுளூசினோலோன், பெக்லோமெத்தாசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று தோழி பரிந்துரைத்த கிரீமிலும் இதே பெயர்கள் இருக்கலாம். இவை கெட்ட மருந்துகள் என்று நான் சொல்லவில்லை. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் நானே எழுதித் தருகிறேன், எந்த இடத்தில், எத்தனை நாள் என்று கணக்கோடு. கணக்கில்லாமல் போடுவதுதான் ஆபத்து.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்த டியூபை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். பூஞ்சைக்கு முழுக் காலமும் சரியான மருந்து எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. ஸ்டீராய்டை நிறுத்தியதும் புதுக் கோடுகள் வருவது நிற்கும்.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையால் கோடு வந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா?

கூடாது. பல வாரங்கள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோடு வந்திருப்பதை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் என்று பெயர் போடாத பொட்டலத்தில் யாராவது பொடி கொடுத்து, அதைச் சாப்பிட்டு முகம் ஊதி, கோடுகளும் வந்திருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதையும் நீங்களாக நிறுத்தாமல், பொட்டலத்தோடு மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஜிம்முக்குப் போக ஆரம்பித்தேன், தோளில் கோடு வந்துவிட்டது.

தோளின் முன்பக்கம், அக்குள் ஓரம், மேல்கை. தசை சீக்கிரம் பெருத்தால் அங்கேதான் வரும். உடற்பயிற்சியை விட வேண்டியதில்லை. எடையை நிதானமாகக் கூட்டுங்கள். ஆனால் குறுகிய காலத்தில் உடம்பு ஏறி, கூடவே முதுகெல்லாம் பருவும் வந்திருந்தால், பயிற்சியாளர் கொடுத்த ஊசியிலோ மாத்திரையிலோ தசையைப் பெருக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று நான் கேட்பேன். உண்மையைச் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். கல்லீரல், இதயம், பின்னாளில் குழந்தை பெறும் திறன் எல்லாம் அதில் அடிபடுகின்றன, கோடு அதில் சின்ன விஷயம்.

எப்போது இது வேறு நோயின் அறிகுறி?

கர்ப்பமும் இல்லை, வளரும் வயதும் இல்லை, எடையும் பெரிதாகக் கூடவில்லை, ஆனாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான கரும்ஊதாக் கோடுகள் வயிற்றில் வருகின்றன என்றால் கவனிக்க வேண்டும். கூடவே முகம் உருண்டையாக ஊதுவது, பிடரியில் கொழுப்பு சேர்வது, கைகால் மட்டும் இளைப்பது, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டுவது, புதிதாக பிரஷரும் சுகரும் வருவது இருந்தால் உடம்பே கார்ட்டிசாலை அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோயாக இருக்கலாம். ஹார்மோன் நோய்களுக்கான மருத்துவரைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய உயரம், நீளமான விரல்கள், ரொம்ப வளையும் மூட்டுகள் இருப்பவர்களுக்குக் கோடுகள் வந்தால், மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்து இதயத்தையும் பரிசோதிப்போம்.

கிரீம்களில் எதுதான் வேலை செய்யும்?

ஓரளவு ஆதாரம் உள்ளது ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் மருந்து, பருவுக்கும் எழுதுவோம். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய சிவப்புக் கோடுகளின் மேல் 0.1 சதவீத ட்ரெட்டினாயினை ஆறு மாதம் தினமும் போட்டவர்களுக்குக் கோடுகளின் நீளம் சராசரியாக 14 சதவீதமும் அகலம் 8 சதவீதமும் குறைந்தன. இந்த எண்களை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நன்றாக வேலை செய்கிற மருந்தே ஆறு மாதத்தில் இவ்வளவுதான் என்றால், "இரண்டே வாரத்தில் மறையும்" என்ற விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்த கோடுகளில் இதனால் பெரிய பலன் இல்லை.

இரவில் மட்டும், மெல்லிசாக, முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டும். எரிச்சலும் உரிதலும் இருக்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் போடக் கூடாது. பாலூட்டும்போதும் நான் எழுதுவதில்லை. பிரசவக் கோடுகளுக்கு இதுவே பெரிய சிக்கல், ஏனென்றால் கோடு சிவப்பாக இருக்கும் மாதங்களும் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களும் ஒன்றாகவே போகின்றன. அவசரப்பட வேண்டாம். பாலை நிறுத்திவிட்டுக் கிரீம் போடும் அளவுக்கு இது முக்கியமில்லை.

ஹயலுரானிக் அமிலம், வல்லாரைச் சாறு சேர்ந்த கிரீம்களுக்குச் சின்ன ஆய்வுகள் சில உண்டு. கெடுதல் இல்லை, பலன் கொஞ்சம். வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தித் தடவுவதால் சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்புதான் மிச்சம். எலுமிச்சை, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும்.

லேசர் எடுத்தால் முழுதாகப் போய்விடுமா?

முழுதாகப் போகாது. பள்ளம் குறையும், சுருக்கம் குறையும், பக்கத்துத் தோலோடு கொஞ்சம் கலந்துபோகும். சிவப்புக் கோடுகளுக்கு ரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் பல்ஸ்டு டை லேசர் ஒரு வழி. வெளுத்தவற்றுக்கு, தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புள்ளிகளாகச் சூடு கொடுத்துப் புதிய கொலாஜனைத் தூண்டும் ஃப்ராக்ஷனல் லேசர்.

ஆனால் வெள்ளைத் தோலுக்குச் சொன்ன கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நம் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம். லேசரின் சூட்டை அதுவும் வாங்கிக்கொள்ளும். அதனால் சிகிச்சை செய்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும் ஆபத்து உண்டு. வெள்ளைக் கோட்டைச் சரிசெய்யப் போய்க் கறுப்புப் புள்ளிகளோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மாநிறத்தவர்களுக்கு நான் முதலில் நினைப்பது மைக்ரோநீட்லிங். மரத்துப்போகும் களிம்பு தடவி, நுண்ணூசிகள் உள்ள கருவியால் டெர்மிஸ்வரை குத்தும் முறை. சூடு இல்லாததால் கறுத்துப்போவது குறைவு. ஊசி முனையில் ரேடியோ அலைச் சூடு தரும் வகையும் உண்டு; அதையும் அனுபவமுள்ளவர் செய்தால் நம் தோல் தாங்கும்.

எதுவானாலும் முழு வயிற்றிலும் ஆரம்பிக்காமல், ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் செய்து நாலைந்து வாரம் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்ய மறுக்கும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். உங்களுக்குத் தழும்பு தடித்துப் புடைக்கும் கீலாய்டு சுபாவம் இருந்தால், காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ புடைத்திருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எத்தனை சிட்டிங்? என்ன செலவு? அரசு மருத்துவமனையில் கிடைக்குமா?

பொதுவாக மாதம் ஒன்றாக மூன்று முதல் ஆறு சிட்டிங். பலன் முழுதாகத் தெரிய இன்னும் சில மாதம். தனியார் கிளினிக்கில் ஒரு சிட்டிங்குக்குச் சில ஆயிரங்கள், இடத்தின் அளவைப் பொறுத்துக் கூடும். அழகுக்கான சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீட்டில் வராது. "இன்றைக்கே பத்து சிட்டிங் பேக்கேஜ் கட்டினால் பாதி விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு சிட்டிங்காகக் கட்டுங்கள். மூன்றாவதில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆரம்பிக்கும் முன் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் போட்டோ எடுத்து நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு ஏன் வந்தது, மருந்து தேவையா என்று தெரிந்துகொள்ளப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டலாம். தனியாரிடம் போனால், பெயருக்குப் பின்னால் தோல் மருத்துவப் பட்டங்களான டி.வி.எல். எம்.டி.யோ டி.டி.வி.எல்.லோ இருக்கிறதா, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்லரில் டெர்மா ரோலர் என்ற ஊசி உருளை போடுகிறார்களே? ஆன்லைனிலும் விற்கிறது.

வேண்டாம். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் ஹெபடைடிஸ் பி போன்றவை பரவலாம். வீட்டு ரோலரின் ஊசி டெர்மிஸைச் சரியாக எட்டாது. எட்டும் அளவுள்ளதை வீட்டில் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது.

உடம்பு இளைத்தால் கோடும் போய்விடுமா?

போகாது. கோடு சுருங்கி நெருக்கமாகத் தெரியலாம். தோல் தளர்ந்து தொங்குவது தனிப் பிரச்சினை. வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் அறுவை சிகிச்சையில், தொப்புளுக்குக் கீழே வெட்டி எடுக்கும் தோலோடு அங்குள்ள கோடுகளும் போகும். ஆனால் கோட்டுக்காக மட்டும் யாருக்கும் அதை நான் சொன்னதில்லை. சிசேரியனுக்கும் கோடுகளுக்கும் சம்பந்தமில்லை. கோடு உள்ள தோலில் போட்ட தையலும் வழக்கம்போல ஆறும்.

என் மகள் தொடையில் இருக்கும் கோடுகளைப் பார்த்துவிட்டு நீச்சல் வகுப்புக்கே போகமாட்டேன் என்கிறாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ" என்று தள்ளிவிடாதீர்கள். அவளுக்கு அது பெரிய விஷயம்தான். தோல் மருத்துவரிடம் ஒரு முறை அழைத்துப்போய், இது சாதாரணம், வளர்ந்ததன் தடம், ஓரிரு வருடத்தில் நன்றாக மங்கிவிடும் என்று அம்மா அல்லாத ஒருவர் வாயிலிருந்து கேட்க வையுங்கள். அவளுடைய வகுப்பிலேயே பலருக்கு இருக்கும், அவர்களும் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதுவரை வேளச்சேரி நீச்சல் குளத்துக்கு முட்டிவரை வரும் நீச்சல் உடை போட்டுக்கொண்டு போகட்டும். உங்கள் வயிற்றுக் கோடுகளை அவள் முன்னால் நீங்களே திட்டிக்கொள்ளாமல் இருப்பதும் உதவும். பிள்ளைகள் அங்கிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்று மாதத்தில் கல்யாணம். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

இவ்வளவு குறுகிய காலத்தில் லேசரோ ஊசியோ வேண்டாம். கறுத்துப்போனால் சரியாகும் முன் தேதி வந்துவிடும். வியர்வைக்கும் தண்ணீருக்கும் தாங்கும், கோட்டை மறைக்கும் கேமஃப்ளாஜ் மேக்கப் உண்டு. உங்கள் தோல் நிறத்துக்குப் பொருந்துவதை வாங்கி, முன்னதாகவே ஒருநாள் பூசிப் பார்த்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த பிரசவத்தில் இன்னும் அதிகமாகுமா?

பழைய கோடுகள் கொஞ்சம் நீளலாம், ஓரங்களில் புதிது சில சேரலாம். ஆனால் முதல் பிரசவத்தில் வந்த அளவுக்கு இரண்டாவதில் பலருக்கு வருவதில்லை. இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் லேசரையும் மைக்ரோநீட்லிங்கையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். இரண்டாவது குழந்தைக்குப் பால் மறக்கடித்து, எடை ஒரு நிலைக்கு வந்து, மூன்று நான்கு மாதம் அப்படியே நின்ற பிறகு வந்தால், ஒரே தடவையில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.